ஆண்மைக்கு மூலிகை மாத்திரை வாங்கலாமா?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 42, கல்யாணமாகிப் பதினான்கு வருடம். ஆறு மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லை, வந்தாலும் பாதியிலேயே தளர்ந்துவிடுகிறது. மனைவியிடம் பேசக் கூச்சம், டாக்டரிடம் போக அதைவிடக் கூச்சம். போனில் விளம்பரம் பார்த்து, 60 கேப்ஸ்யூல் 2,499 ரூபாய் என்ற ஒரு மூலிகை மருந்தை ஆர்டர் போடப் போனவர், கடைசி நிமிடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கிறார். டப்பாவில் அஸ்வகந்தா, சஃபேத் முஸ்லி, கோக்ஷுரா, கௌஞ்ச் பீஜ், ஜாய்பல், சிலாஜித் என்று போட்டிருக்கிறதாம். 'நூறு சதவீதம் ஆயுர்வேதம், பக்க விளைவே இல்லை, 45 நிமிடத்தில் பலன்' என்றும் எழுதியிருக்கிறதாம். இரண்டு வருடமாக பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாங்கலாமா என்பது கேள்வி.

வேண்டாம், தம்பி. நிறுத்திவிட்டுக் கேட்டது மிக நல்ல காரியம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெறுமனே வேண்டாம் என்று சொன்னால், அடுத்த வாரம் வேறொரு பெயரில் வேறொரு டப்பா உங்கள் போனில் வந்து நிற்கும்.

நான் மருந்தாளுநர். திண்டுக்கல் பக்கம் 26 வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். என் அப்பா நாட்டு மருந்துக் கடைக்காரர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அமுக்கராக் கிழங்கை உடைத்துப் புடைத்து வளர்ந்தவன் நான். அதனால் மூலிகை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் பேசுவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்தப் பெயர்களைத் தமிழில் சொல்லிவிடுகிறேன். அஸ்வகந்தா நம்முடைய அமுக்கராக் கிழங்கு. கோக்ஷுரா என்றால் நெருஞ்சில், தரிசில் செருப்பில்லாமல் நடந்தால் காலில் ஏறுகிற அதே முள். கௌஞ்ச் பீஜ் பூனைக்காலி விதை. அந்தக் காயின் சுணை மேலே பட்டால் சொறிந்தே ஓய்ந்துபோவோம். ஜாய்பல் ஜாதிக்காய். சிலாஜித் இமயமலைப் பாறை இடுக்கில் கசிகிற கருப்புப் பிசின், நம் பக்கத்து வைத்தியர்கள் கன்மதம் என்பார்கள். சஃபேத் முஸ்லி வெள்ளை முஸ்லிக் கிழங்கு. சிலாஜித் நீங்கலாக எல்லாம் நம் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிற சரக்குதான். இந்திப் பெயரும் பளபள டப்பாவும் சேர்ந்ததும் விலை இரண்டாயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

சரி, இவற்றுக்குப் பலன் உண்டா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

இந்த வரிசையில் அதிகம் ஆராயப்பட்டது அமுக்கராதான். மன உளைச்சலைக் குறைக்கிறது, தூக்கத்துக்கு உதவுகிறது என்பதற்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. மனக் கவலையால் வருகிற தளர்ச்சிக்கு அந்த வழியில் அது கை கொடுக்கலாம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் கூடுவதாகவும் சில ஆய்வுகள் சொல்கின்றன. 2019-ல் ஆஸ்திரேலியாவில், உடல் எடை கூடிய 40 முதல் 70 வயது ஆண்களிடம் செய்த ஆய்வில், அமுக்கரா சாப்பிட்டபோது வெற்று மாத்திரையைவிட டெஸ்டோஸ்டிரோன் 14.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. விளம்பரக்காரர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதே ஆய்வில் தாம்பத்திய நலனில் குறிப்பிடும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்பதைப் போட மாட்டார்கள். அப்புறம், அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டும், அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கும், பி.பி. மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தம் கூடுதலாக இறங்கவும் வாய்ப்புண்டு. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்தது. தடை அளவுக்குப் போக வேண்டுமா என்பது வேறு விஷயம். 'பக்க விளைவே இல்லை' என்ற பேச்சு மட்டும் பொய்.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இயற்கையாகவே இருக்கிறது. நடுக்கு நோய்க்கு, அதாவது பார்கின்சனுக்கு, டாக்டர்கள் எழுதித் தருகிற அதே மருந்துப்பொருள். அதனால்தான் பழைய வைத்தியர்கள் அதைச் சும்மா பொடித்துக் கொடுத்ததில்லை. பாலில் வேக வைத்து, தோல் உரித்து, காய வைத்து, அப்புறம்தான் சூரணம். குழந்தையில்லாத ஆண்களுக்கு விந்தணு மேம்பட்டதாக லக்னோவில் செய்த ஆய்வுகள் உண்டு. விந்தணு எண்ணிக்கை வேறு, விறைப்பு வேறு என்பதை இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். பல டப்பாக்கள் இரண்டையும் 'ஆண்மை' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிவிடுகின்றன.

நெருஞ்சில் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் நம் வைத்தியத்தில் நன்றாகப் பெயர் வாங்கிய மூலிகை. அது டெஸ்டோஸ்டிரோனை ஏற்றும் என்று ஜிம் உலகம் நம்புகிறது, மனிதர்களிடம் ஒழுங்காகச் செய்த சோதனைகளில் அப்படி ஏறவில்லை. வெள்ளை முஸ்லிக்கு இருக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி எலிகளிடம் செய்தவை. ஜாதிக்காய் சிட்டிகை அளவில் சமையலுக்கும் மருந்துக்கும் நல்லது, கூடினால் படபடப்பும் மனக்குழப்பமும் வரும். சிலாஜித்தைச் சுத்தி செய்யாமல் விற்றால் கன உலோகங்களும் கூடவே வரும்.

வெளிநாட்டு பாட்டில்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கொரிய ஜின்செங் விறைப்புக்கு மிக அற்பமான பலனையே தருகிறது என்று 2021-ல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்துச் சொன்னது. பெரு நாட்டு மலைக்கிழங்கான மக்கா ஆசையைச் சற்றுக் கூட்டலாம். யோஹிம்பே என்று பார்த்தால் தொடவே தொடாதீர்கள். அது ஆப்பிரிக்க மரப்பட்டை, அதிலுள்ள யோஹிம்பின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். உங்களைப் போல பி.பி. உள்ளவருக்கு அது ஆகவே ஆகாது.

மேலே சொன்ன நம் மூலிகைகள் எதுவும் 45 நிமிடத்தில் வேலை செய்வதில்லை. ஆயுர்வேதத்தின் எட்டுப் பிரிவுகளில் வாஜீகரணம் என்று ஒன்று முழுக்க இதற்கென்றே இருக்கிறது. சித்த வைத்தியத்தில் தாது புஷ்டி லேகியங்கள் ஏராளம். ஆனால் முறையாகப் படித்த எந்த வைத்தியரும் இதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரக் கணக்குச் சொல்ல மாட்டார். ஒரு மண்டலம், இரண்டு மண்டலம், பாலோடு, பத்தியத்தோடு என்றுதான் சொல்வார். என் அப்பாவிடம் யாராவது 'இன்றைக்கு ராத்திரிக்கே' என்று கேட்டால், 'அப்படி ஒரு சரக்கு என் கடையில் இல்லை' என்று அனுப்பிவிடுவார்.

அப்படியானால் அந்த டப்பா 45 நிமிடத்தில் எப்படி வேலை செய்கிறது?

உடலுக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசை வந்ததும் நரம்பு முனைகளும் ரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கின்றன. அது இன்னொரு பொருளைத் தூண்டி, குழாய்களைத் தளர்த்துகிறது, ரத்தம் உள்ளே பாய்ந்து நிற்கிறது. அந்தத் தளர்த்தும் பொருளை அழிக்க பி.டி.இ.5 என்று ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதியைக் கொஞ்ச நேரம் தடுத்து வைத்தால் விறைப்பு நிற்கும். இதைத்தான் சில்டெனாஃபில் செய்கிறது, அதாவது வயாகரா. நெஞ்சுவலிக்காகத் தேடிப்போன மருந்து வேறு விதமாகப் பலன் தந்ததால், 1998 மார்ச்சில் அமெரிக்காவில் விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதி பெற்றது. சாப்பிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும். டடாலாஃபில் என்ற அதன் உறவுக்கார மருந்து 36 மணி நேரம் வரை நிற்கும்.

'மூலிகை', 'முக்கால் மணி நேரம்' இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தால், உள்ளே அறிவிக்காமல் சில்டெனாஃபில் கலந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். இது என் கற்பனை கிடையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007 முதல் 2016 வரை, மறைவாக மருந்து கலந்த 776 துணை உணவுப் பொருட்களைப் பிடித்தது. அதில் 353 பொருட்கள் இந்த 'ஆண்மை' வகை. அந்த 353-ல் 166-ல் சில்டெனாஃபிலே இருந்தது. மற்ற பலவற்றில் அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றிய போலிகள். அந்தப் போலிகள் இன்னும் மோசம். வழக்கமான லேப் சோதனையில் எளிதில் அகப்படாமல் இருப்பதற்காகவே மாற்றிச் செய்கிறார்கள், மனித உடலில் அவை என்ன செய்யும் என்று யாரும் சோதித்ததே இல்லை.

சிங்கப்பூரில் 2008-ல் நடந்ததை நான் கடைக்கு வரும் பலரிடம் சொல்வது உண்டு. ஜனவரி முதல் மே வரை ஐந்து அரசு மருத்துவமனைகளில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கிய நிலையில் கொண்டுவரப்பட்டார்கள். 149 பேர் ஆண்கள். டாக்டர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தால் 127 பேரிடம் கிளைபென்கிளமைடு, அதாவது சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அவர்களில் பலரிடம் சில்டெனாஃபிலும் இருந்தது. மூலிகை என்று விற்ற ஆண்மை மாத்திரைகளிலும் போலி மாத்திரைகளிலும் அந்தச் சர்க்கரை மருந்து எப்படியோ கலந்திருந்தது. ஏழு பேர் நினைவு திரும்பாத நிலைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். இதில் என் மனசை அறுப்பது இன்னொரு விவரம். இப்படி மாத்திரை சாப்பிட்டதாக வாய் திறந்து சொன்னவர்கள் 45 பேர் மட்டுமே. உயிர் போகிற நேரத்திலும் கூச்சம் வாயை அடைத்திருக்கிறது.

சில்டெனாஃபில் கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. தெரிந்து, அளவாக, டாக்டர் சொல்லிச் சாப்பிட்டால் நல்ல மருந்து. தெரியாமல் சாப்பிடுவதுதான் ஆபத்து. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் சில்டெனாஃபிலையும் சேர்த்து எடுத்தால், ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும். புராஸ்டேட் வீக்கத்துக்கும் பி.பி.க்கும் தருகிற சில ஆல்பா பிளாக்கர் மாத்திரைகளோடும் கவனம் வேண்டும். 'நான் மூலிகைதானே சாப்பிட்டேன்' என்று நம்புகிறவர், நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் எதைச் சொல்வார்? டாக்டர் வழக்கம்போல நைட்ரேட் கொடுப்பார். இரண்டும் உள்ளே சந்திக்கும்.

மலேசியாவிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறவர்கள் இதையே தேனாகவும் காபியாகவும் வாங்கி வருகிறார்கள். சின்னச் சின்ன பாக்கெட்டில் 'ராயல்' என்றெல்லாம் பெயர் போட்ட தேன், டோங்கட் அலி வேர் கலந்த காபி. இந்த வகைத் தேன்களில் சில்டெனாஃபிலும் டடாலாஃபிலும் மறைந்திருப்பதை அமெரிக்கத் துறை 2022-ல் எச்சரித்தது, காபிகளிலும் இதே கலப்படத்தைப் பிடித்திருக்கிறது. ஊரிலிருந்து மச்சான் கொண்டுவந்த பரிசுதானே என்று வயதான அப்பாவுக்கு ஒரு பாக்கெட் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று உலோகம். பற்பம், செந்தூரம் என்று சில பழைய முறை மருந்துகளில் பாதரசமும் ஈயமும் சேரும். இணையத்தில் விற்கும் 193 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்த 2008-ம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பெயர் தெரியாத லேகியத்தை மாதக்கணக்கில் நக்கினால் முதலில் அடி வாங்குவது சிறுநீரகமும் நரம்பும்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1954-லேயே மருந்து மற்றும் மாய நிவாரண விளம்பரச் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. பாலின்பத் திறனைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே அந்தச் சட்டப்படி குற்றம். ஆக, உங்கள் போனில் வந்த அந்த விளம்பரத்தில், மருந்து நல்லதா கெட்டதா என்று பார்க்கும் முன்பே ஒரு சட்ட மீறல் இருக்கிறது.

நம் ஊரில் டப்பா வருவதற்கு முன்பே லாட்ஜ் வைத்தியர்கள் வந்துவிட்டார்கள். மாதம் ஒரு தேதி, இந்த லாட்ஜில், இந்த அறையில் என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும். பையன் ஒருவன் போய் உட்கார்ந்ததும், சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, விந்து நீர்த்துவிட்டது, கல்யாணம் செய்தால் அவமானம் என்று பயமுறுத்துவார்கள். 'விந்து விட்டான் நொந்து கெட்டான்' என்ற சொலவடை ஏற்கெனவே அவன் மனதில் உட்கார்ந்திருக்கும். சுய இன்பத்தால் ஆண்மை போகாது, தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயற்கை. இதை எண்ணி எண்ணி உடம்பு தேய்வதாக நினைக்கிற நிலைக்கே மனநல மருத்துவத்தில் 'தாத் சிண்ட்ரோம்' என்று பெயர் இருக்கிறது; 1960-ல் நம் நாட்டு மனநல மருத்துவர் விக் வைத்த பெயர். அவனுக்கு வேண்டியது தைரியம் சொல்கிற ஒரு ஆள். அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்கிற எண்ணமும் இதே கடைச்சரக்குதான். ஐந்து நாடுகளில் 500 ஜோடிகளிடம் ஸ்டாப்வாட்ச் கொடுத்துக் கணக்கெடுத்த ஆய்வு 2005-ல் வெளியானது. நடுமட்ட நேரம் 5.4 நிமிடம்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான்.

42 வயதில் பி.பி. உள்ளவருக்கு விறைப்பு குறைகிறது என்றால் அது வெறும் படுக்கையறை விஷயமாக இருக்காமல் போகலாம். ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலம்தான். இதயத்துக்குப் போகும் குழாய் மூன்று நான்கு மில்லிமீட்டர். கொழுப்பு படிந்து அடைக்க ஆரம்பித்தால் சின்னக் குழாய் முதலில் காட்டிக்கொடுக்கும். நெஞ்சுவலி வருவதற்குச் சில வருடம் முன்பே விறைப்புக் குறைபாடு வருவதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரையும் அப்படித்தான், குழாயையும் நரம்பையும் சேர்த்தே அரிக்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. தனக்கு இருப்பதே தெரியாமல் பலர் நடமாடுகிறார்கள். இந்தத் தளர்ச்சிதான் அவர்களில் சிலருக்கு முதல் தகவல். அந்தத் தகவல் வருகிற நேரத்தில், மறைமுகமாக சில்டெனாஃபில் கலந்த ஒரு கேப்ஸ்யூலைப் போட்டு அதை அமுக்கிவிட்டால், இரண்டு வருடம் நிம்மதியாகப் போகும். உள்ளே அடைப்பு வளர்ந்துகொண்டே இருக்கும். என் கடைக்கு ராத்திரி ஒன்பதரைக்கு, ஷட்டர் பாதி இறங்கின நேரத்தில் வந்து மெல்லிய குரலில் மாத்திரை கேட்ட ஒருவரை இன்றும் மறக்க முடியவில்லை. சீட்டு இல்லாமல் தர முடியாது, சர்க்கரை பாருங்கள் அண்ணே என்றேன். வேறு எங்கோ ஒரு மூலிகை டப்பா வாங்கிக்கொண்டார். ஒன்றரை வருடம் கழித்து ஹார்ட் அட்டாக். பிழைத்துக்கொண்டார். சர்க்கரை முன்னூறைத் தாண்டியிருந்தது அங்கேதான் தெரிந்தது.

நீங்கள் இதில் தனி ஆளும் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது ஆண்களிடம் செய்து 1994-ல் வெளியான ஆய்வில், 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் இந்தக் குறை இருந்தது.

ஒரு விஷயத்தை வீட்டிலேயே கவனியுங்கள். காலையில் எழும்போது விறைப்பு வழக்கம்போல இருக்கிறதா? இருந்தால் மனக் கவலை, களைப்பு, வீட்டுச் சச்சரவு போன்றவை காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் குறைந்திருந்தால் உடலில் தேட வேண்டும். எப்படியிருந்தாலும் சோதனை செய்துவிடுவது நல்லது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி., கொழுப்பு, தைராய்டு, காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், ஒரு ஈ.சி.ஜி. இதற்கு ஆகிற செலவு அந்த 2,499-ஐப் பெரிதாகத் தாண்டாது. அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தால் செலவு இன்னும் குறையும்.

பி.பி. மாத்திரையையும் டாக்டரிடம் காட்டுங்கள். பழைய வகை பீட்டா பிளாக்கர்களும் சில நீர் மாத்திரைகளும் விறைப்பைக் குறைக்கலாம், அந்தத் தொல்லை குறைந்த வேறு மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. சிகரெட் இருந்தால் அதை விடுவது எந்த லேகியத்தையும்விடப் பெரிய மருந்து. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடப்பது, தொப்பையைக் குறைப்பது, இரண்டாலும் விறைப்பு மேம்படும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது.

எல்லாம் பார்த்துவிட்டு மூலிகைதான் வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் வழி உண்டு. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பல அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது. அங்கே முறையாகப் படித்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, உங்கள் பி.பி. மாத்திரையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பார். அமுக்கராச் சூரணம் அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரிப்பாகவே கிடைக்கிறது. அதில் அமுக்கராவோடு சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கிராம்பு, சிறுநாகப்பூ, சர்க்கரை. என்ன சாப்பிடுகிறோம் என்று தெரிந்து சாப்பிடலாம். விலையும் அந்த டப்பாவுக்குப் பக்கத்தில் வராது.

ஏற்கெனவே ஏதாவது கேப்ஸ்யூல் வாங்கிச் சாப்பிட்டிருந்தால், தலைசுற்றல், பார்வையில் நீலம் படர்வது, நெஞ்சுவலி இருந்தால் உடனே போக வேண்டும். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தால் அது அவசர சிகிச்சை, காத்திருக்கவே கூடாது. டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே இருப்பது எழுதியிருப்பதைவிடக் கூடுதலாக இருக்கலாம் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் பலருக்கும் தவிப்பு. 'டாக்டர், ஆறு மாதமாக எனக்கு விறைப்பு சரியாக வருவதில்லை, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன், சர்க்கரை பார்க்க வேண்டுமா?' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர் ஒரு நாளைக்கு நான்கு பேரிடம் இதைக் கேட்பவர். வீட்டில் மனைவியிடமும் இதையே இன்னும் எளிமையாகச் சொல்லலாம். நீங்கள் விலகிப் போவதற்குத் தன்மேல் வெறுப்புதான் காரணமோ என்று ஆறு மாதமாக அவர் நினைத்துக்கொண்டிருக்கவும் கூடும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், காலையில் முதல் வேலையாக லேபுக்குப் போங்கள். பி.பி. மாத்திரை அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். ரிசல்ட் வந்ததும் எண்களோடு எனக்கு எழுதுங்கள், தம்பி. டாக்டர் எழுதிய சீட்டில் புரியாதது இருந்தால் சேர்ந்து பார்ப்போம்.